கார் பெயர் மட்டும் போதாது: ஆயில் ஃபில்டர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆயில் ஃபில்டர் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் விற்பனைப் பிரிவினருக்கும்,

வணக்கம். செடான் கார்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் விற்கும் ஒவ்வொரு ஃபில்டரின் அளவுகளையும் பெட்டியில் அச்சிடுங்கள். பல பெட்டிகளில் இருப்பது ஒரு பாக எண், பொருந்தும் கார்களின் பட்டியல், நாலு வரி விளம்பரம், அவ்வளவே. மரை என்ன அளவு, ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட் என்ன விட்டம், பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கும், எந்த அளவுத் துகளை எத்தனை சதவீதம் பிடிக்கும் என்பதெல்லாம் உங்கள் வரைபடங்களில் இருக்கின்றன. காருக்கு அடியில் படுத்து அதைத் திருகி ஏற்றுகிறவர் கையில் மட்டும் இல்லை.

மரையிலிருந்து தொடங்குகிறோம், உடனடி ஆபத்து அதில்தான் இருக்கிறது. டப்பா வடிவில், அப்படியே திருகி ஏற்றும் ஸ்பின்-ஆன் ஃபில்டர்களில் அதிகம் புழங்கும் மரைகள் இரண்டு: 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. பிட்ச்சும் (புரிக்குப் புரி உள்ள இடைவெளி) கொண்ட மரை. முக்கால் அங்குலத்தில், அங்குலத்துக்கு 16 புரி உள்ள மரை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. முக்கால் அங்குல ஃபில்டரை, எஞ்சினிலிருந்து நீட்டியிருக்கும் 20 மி.மீ. மரைத்தண்டில், அதாவது ஸ்டட்டில், வைத்தால் ஏறாது. அதனால் கெடுதல் இல்லை. 20 மி.மீ. ஃபில்டரோ முக்கால் அங்குல ஸ்டட்டில் ஏறிவிடும். மரையின் நுனிகள் மட்டுமே பற்றியிருக்கும். கேஸ்கட் உட்கார்ந்ததும் சரியாக இறுகியது போலவே கைக்குத் தெரியும், வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலில் ஒரு சொட்டுகூட ஒழுகாமலும் இருக்கலாம். குளிர்ந்த எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஆயில் அழுத்தம் 5 பாரை எட்டும். கேஸ்கட்டின் விட்டம் 65 மி.மீ. என்றால், அந்த அழுத்தத்தில் ஃபில்டரைப் பிடுங்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 170 கிலோ எடைக்குச் சமம். அதை நுனி மரை தாங்காது. ஃபில்டர் கழன்றால் எஞ்சினிலுள்ள ஆயில் முழுவதும் வெளியே பீறிட்டுவிடும். ஓட்டுகிறவர் ஆயில் விளக்கைக் கவனித்து நிறுத்துவதற்குள் பேரிங் போய்விடும். பெட்டியில் ஒரே ஒரு வரி இருந்தால் இது நடக்காது.

அடுத்தது பைபாஸ் வால்வு. ஆயில் குளிரில் கெட்டியாக இருக்கும்போதோ ஃபில்டர் தாள் அடைத்துக்கொண்டபோதோ, தாளுக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் கூடும். அப்போது இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையாவது பேரிங்குக்கு அனுப்பும். அழுக்கு ஆயில் கேடுதான். ஆயிலே வராமல் போவது அதைவிடப் பெரிய கேடு. திறக்கும் அழுத்தம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறுகிறது, சுமார் 0.6 பாரிலிருந்து 1.6 பார் வரை. உயர்ந்த அழுத்தத்துக்கு வடிவமைத்த எஞ்சினில் மெல்லிய ஸ்பிரிங் உள்ள ஃபில்டரை மாட்டினால், வேகமாக ஓட்டும்போதெல்லாம் வால்வு திறந்து ஆயில் வடிகட்டப்படாமலே சுற்றும். வண்டியில் எந்த அறிகுறியும் தெரியாது என்பதால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. சில எஞ்சின்களில் பைபாஸ் எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும். அவற்றுக்கான ஃபில்டரில் வால்வு கிடையாது. வால்வு இல்லாத அந்த ஃபில்டரை, வால்வு தேவைப்படும் எஞ்சினில் மாட்டினால் தாள் கிழியலாம், அல்லது ஆயில் வரத்து குறையலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே டப்பா. நீளமான டப்பா அதிக அழுக்கைப் பிடிக்குமே என்று மாற்றி மாட்டுபவர்கள் மரையையும் கேஸ்கட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பைபாஸ் அழுத்தத்தை ஒப்பிட நீங்கள் வழி வைக்கவில்லை.

எஞ்சின் நின்றதும் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ஆன்ட்டி-ட்ரெயின்பேக் வால்வைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஃபில்டர் படுக்கைவாட்டிலோ தலைகீழாகவோ இருக்கும் எஞ்சின்களில் இது கட்டாயம் வேலை செய்ய வேண்டும். நைட்ரைல் ரப்பர் சூட்டில் காலப்போக்கில் விறைத்துப்போகும். சிலிக்கோன் ரப்பர் அதிக நாள் வளைந்து கொடுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடவென்று சத்தம் வந்து, ஆயில் விளக்கு தாமதமாக அணைந்தால் முதலில் இந்த வால்வைத்தான் சந்தேகப்பட வேண்டும். எந்த ரப்பர் என்று எழுதுங்கள், போதும்.

வடிகட்டும் திறன் பற்றி நீங்கள் அச்சிடும் வாசகங்களை மாற்றுங்கள். ‘10 மைக்ரான் வரை வடிகட்டும்’ என்று மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாக ஆகாது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடித்தாலும் அப்படிச் சொல்லலாம், நூற்றுக்கு 99-ஐப் பிடித்தாலும் சொல்லலாம். ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறை இருக்கிறது. துகள் கலந்த ஆயிலைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, எந்த அளவுத் துகள் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது, ஃபில்டர் மொத்தம் எத்தனை கிராம் அழுக்கைத் தாங்குகிறது என்று அதில் அளக்கிறார்கள். ‘20 மைக்ரானில் 99 சதவீதம், ஐ.எஸ்.ஓ. 4548-12’ என்று எழுதினால் சாதாரணத் தாளையும் செயற்கை இழையையும் எவரும் ஒப்பிட்டுவிடலாம்.

பொருத்தும் முறையையும் பெட்டியின் பின்பக்கம் தெளிவாகச் சொல்லுங்கள். ‘கையால் இறுக்கவும்’ என்பது போதாது. ஒருவர் கை இன்னொருவர் கை போல இருக்காது. பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் கேஸ்கட் கூடவே வந்ததா என்று பார்க்க வேண்டும் என்பதே முதல் வரியாக, பெரிய எழுத்தில் வரட்டும். அது எஞ்சின் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புதிய ஃபில்டரை ஏற்றினால் இரண்டு கேஸ்கட்டும் ஒன்றன்மேல் ஒன்று நழுவும். ஐடிலில் தாங்கும், சாலையில் பிதுங்கி ஆயில் கொட்டும். கேஸ்கட் உட்காரும் பரப்பைத் துணியால் துடைத்து, புதிய கேஸ்கட்டில் புது ஆயிலை மெல்லத் தடவச் சொல்லுங்கள். காய்ந்த ரப்பர் சுழலும்போது முறுக்கிக்கொள்ளும். கேஸ்கட் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று என்பது பல ஃபில்டர்களுக்குச் சரி. உங்களுடையதற்கு அரைச் சுற்றோ முழுச் சுற்றோ என்றால் அதை எழுதுங்கள். டப்பாவைச் சுற்றி 1 முதல் 4 வரை எண் பொறிக்கும் நிறுவனங்களுக்கு எங்கள் நன்றி. முக்கால் சுற்றை அளக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஃபில்டர் ரெஞ்ச் கழற்றுவதற்குத்தான். ரெஞ்ச் போட்டு இறுக்கிய ஃபில்டரை அடுத்த முறை கழற்றும்போது டப்பா நசுங்கிக் கிழியும், அடித்தட்டு மட்டும் எஞ்சினில் நின்றுவிடும்.

ஃபில்டர் எவ்வளவு ஆயில் கொள்ளும் என்பதையும் குறிப்பிடலாம். செடான் ஃபில்டர்களில் அது 0.2 முதல் 0.4 லிட்டர் வரை. ஆயில் ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, 5 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் மட்டம் ஏன் இறங்கியிருக்கிறது என்று புதிதாகச் செய்பவர் குழம்ப மாட்டார். முன்கூட்டியே நிரப்ப விரும்புபவர் ஓரத்துச் சிறு துளைகள் வழியாகவே ஊற்ற வேண்டும். நடுத்துளை வடிகட்டிய ஆயில் வெளியேறும் வழி. அதில் ஊற்றினால் அந்த ஆயில் தாளைத் தாண்டாமல் நேரே பேரிங்குக்குப் போகும்.

டப்பா இல்லாமல், எஞ்சினிலுள்ள மூடிக்குள் வைக்கும் கார்ட்ரிட்ஜ் வகை செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்கள் மூன்று நான்கைப் போட்டுவிட்டு, எது எந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும் என்ற படத்தை விட்டுவிடாதீர்கள். பெரிய ரிங் தன் பள்ளத்தை விட்டு மரைப் பக்கம் உட்கார்ந்தால் மூடி ஒழுகும். நடுத்தண்டின் சிறிய ரிங் விடுபட்டால் வெளியே ஒழுகாது. வடிகட்டாத ஆயில் உள்ளுக்குள்ளேயே குறுக்கு வழியில் போகும். பிளாஸ்டிக் மூடிகளுக்குப் பெரும்பாலும் 25 நியூட்டன்-மீட்டர் இறுக்கம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும், சூடேறியபின்தான் அது தெரியவரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாதென்றால், மரை அளவையும் பைபாஸ் அழுத்தத்தையும் முதலில் செய்யுங்கள். அவற்றைப் பெட்டியில் அச்சிடுவதோடு டப்பாவின் அடிப்பக்கத்திலும் பொறியுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது பெட்டி இருக்காது. புதிய ஃபில்டரோடு ஒப்பிட்டுப் பார்க்க, கழற்றிய டப்பா மட்டும்தான் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் ஃபில்டர்களை அன்றாடம் மாட்டும் மெக்கானிக்குகள்