சிட்டுவை எழுப்பி நிறுத்தியவர்களுக்கும் எங்கள் பந்தயத்தைத் திருத்தியவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்ற தை மாதம் எங்கள் ஊர்க் குதிரைப் பந்தயம் ஓட்டியவர்களுக்கோ குதிரைகளுக்கோ ஒரு கீறலும் இல்லாமல் நடந்து முடிந்தது. கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும், எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி வட்டாரத்திலும் உள்ள பலர் அதற்குக் கைகொடுத்தார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் சென்று நன்றி சொல்லத்தான் முதலில் எண்ணியிருந்தேன். ஆனால் நான் செய்த பிழையைப் பலர் பார்க்கச் செய்தவன் என்பதால், நன்றியையும் பலர் அறியச் சொல்வதே முறை என்று பட்டது. பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள். பெயர் இல்லாவிட்டாலும் படிக்கும்போது அவரவரைப் பற்றியது அவரவருக்குத் தெரியும்.

பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மாசி மாதம் பக்கத்து ஊரில் நடந்த ஓட்டத்தில் என் செவலைக் குதிரை சிட்டுவை என் அக்காள் மகன் ஓட்டினான். தார்ச்சாலையில் வைத்த பந்தயம் அது. எல்லைக்கோட்டுக்கு நூறு மீட்டர் இருக்கும்போது சிட்டு ஒரு கழுத்து முந்தியிருந்தது. களைத்துப்போய் இடப்பக்கம் சரியவும் தொடங்கியிருந்தது. குதிரை அப்படிச் சரியும்போது சாட்டையை நிறுத்திவிட்டுக் கடிவாளத்தை இரு கையாலும் பிடித்து நேராக்க வேண்டும் என்பது சவாரியின் அரிச்சுவடி. அவன் அதைச் செய்யவில்லை. சாலையோரம் நின்றிருந்த நான், “அடிடா, அடிடா” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அவன் வலக்கையால் மேலும் மேலும் அடிக்க, அடிக்கு விலகிய சிட்டு பக்கத்தில் வந்த குதிரையின் குறுக்கே விழுந்தது. இரண்டு குதிரைகளும் உருண்டன. அந்தக் குதிரையை ஓட்டிய பத்தொன்பது வயதுப் பையனுக்குக் காறையெலும்பு முறிந்தது. சிட்டுவின் வலது முன்னங்கால் முட்டி கிழிந்து, தசைக்குள் ஜல்லியும் தாரும் ஏறியிருந்தன.

என் முதல் நன்றி அந்தப் பையனின் பெற்றோருக்கு. அவர்கள் மலையாளம் பேசும் குடும்பம். எனக்கு முன்பின் தெரியாதவர்கள். மருத்துவமனை வராந்தாவில் அவர்கள் முன் போய் நின்றபோது எந்த வசவையும் வாங்கிக்கொள்ளும் மனத்தோடுதான் நின்றேன். அந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “குதிரைக்கு எங்ஙனயுண்டு?” என்று, குதிரை எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அவருடைய கணவர் எழுந்து தமிழில், “அண்ணா, பையனுக்குப் பயமில்லை, நீங்கள் போய்க் குதிரையைப் பாருங்கள்” என்றார். அந்த இரவில் எனக்குக் கிடைத்த மற்ற உதவிகளெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன.

மினி லாரி கொண்டுவந்த சேட்டன், தென்னைநார்த் தொழிற்சாலையிலிருந்து நார்க்கழிவு மூட்டைகளைக் கொண்டுவந்து தளத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பரப்பி, சிட்டு வழுக்காமல் நிற்கும்படி செய்தார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். மீன்கடைக்காரர் கடையை மறுபடி திறந்து ஐஸ் கொடுத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டாரை ஓட விட்டு, குழாயைத் தம் கையாலேயே பிடித்து முட்டியின்மேல் குளிர்ந்த நீரை விட்டபடி நின்றார்.

இரவு ஒன்பது மணிக்குமேல் வந்த கால்நடை மருத்துவர் அம்மாவின் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மயக்க ஊசி போட்டு, இரண்டு வண்டிகளின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் குத்துக்காலிட்டு அமர்ந்து, இடுக்கியால் ஒவ்வொரு கல்லாக எடுத்து ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டார். கல் விழும் ஓசையைத் தவிர வேறு சத்தமே அங்கு இல்லை. முட்டிக்காயத்தில் பெரிய கேள்வி, மூட்டின் உறை கிழிந்திருக்கிறதா இல்லையா என்பதுதான். உள்ளே அழுக்கு ஏறிவிட்டால் குதிரையையே இழக்கவும் நேரலாம். அவர் காயத்திலிருந்து தள்ளி ஓரிடத்தில் ஊசி செலுத்தி மூட்டுக்குள் சுத்தமான உப்புநீரை ஏற்றினார். உறை கிழிந்திருந்தால் அந்த நீர் காயத்தின் வழியே வடியும். நாங்கள் ஏழெட்டுப் பேர் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வடியவில்லை. அதன் பிறகுதான் தையல் போட்டார். குதிரைக்கு மற்ற விலங்குகளைவிட ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் பற்றும் என்பதால் அதற்கான ஊசியும் போட்டு, ஆறு வாரம் லாயத்தை விட்டு வெளியே விடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அந்த ஆறு வாரமும் வாரம் இருமுறை, தம் பணி முடிந்த பிறகு, ஸ்கூட்டரில் வந்து கட்டு மாற்றினார். கொள்ளையும் தவிட்டையும் குறைத்து வெறும் புல் மட்டும் கொடுக்கச் சொல்லி, குடல்வலி வராமல் காத்ததும் அவரே. அம்மா, உங்களுக்கு நான் பட்ட கடன் பணத்தால் தீராது.

லாடம் கட்டும் அண்ணனுக்கும் இங்கேயே நன்றி சொல்கிறேன். சிட்டு ஒரு காலைத் தாங்கித் தாங்கி நின்றதால் மறுகாலின் குளம்பில் சுமை ஏறும் என்று முன்கூட்டியே கணித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வந்து குளம்பைச் சீவிச் சமன் செய்தார்.

அடுத்து, உதகை குதிரைப் பந்தய மைதானத்தில் பல காலம் ஜாக்கியாக இருந்து, இப்போது மகள் வீட்டில் இருக்கும் பெரியவருக்கு. 2024ஆம் ஆண்டு அந்த மைதானத்து நிலத்தை அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. அதன் நியாயங்களை இங்கே நான் எடைபோட வரவில்லை. ஆனால் அங்கே குதிரைகளோடு வாழ்ந்தவர்களின் கைத்திறன் அவர்களோடேயே போய்விடுமோ என்ற கவலை எனக்கு இருந்தது. அந்தத் திறனில் ஒரு துளி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது என் நல்லூழ்.

அவர் வைகாசி முதல் மார்கழி வரை ஒவ்வொரு ஞாயிறும் பேருந்தில் வந்தார். எங்கள் பையன்களை முதல் ஒரு மாதம் குதிரையின் மேல் ஏறவே விடவில்லை. தென்னந்தடியின்மேல் சாக்கு கட்டி, அதில் சேணம் வைத்து, கால் வைக்கும் அங்கவடியைக் குறுக்கி, பின்புறம் சேணத்தைத் தொடாமல் நிற்கச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் தொடை நடுங்கி இறங்கிவிட்டார்கள். “உன் எடையை நீ தூக்கு, அது ஏன் தூக்கணும்?” என்பார். இப்படிக் குனிந்து ஓட்டும் முறையை அமெரிக்க ஜாக்கி டாட் ஸ்லோன் 1897இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோது, கழியில் தொற்றிய குரங்கு என்று சொல்லி அங்குள்ளவர்கள் சிரித்தார்களாம். அவர் வெல்லத் தொடங்கிய பிறகு எல்லோரும் அதையே கற்றார்கள். என் மகள் தேடிப் படித்துச் சொன்னாள்: அந்த முறை பரவிய 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன என்று 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. ஓட்டுபவரின் உடல் மேலும் கீழும் ஆடாமல் ஒரே மட்டத்தில் மிதந்தால், பாய்ச்சலுக்குப் பாய்ச்சல் அந்தச் சுமையைத் தூக்கி எறியும் வேலை குதிரைக்கு மிச்சமாகிறது. நாலுகால் பாய்ச்சலில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுத்தான் விடும். வாயால் மூச்சு விடவும் அதற்கு இயலாது. கடிவாளத்தை வெட்டி இழுத்து அதன் தாளத்தைக் குலைப்பவன் மூச்சையே குலைக்கிறான். நான் இத்தனை ஆண்டு குதிரை வளர்த்தும் இதையெல்லாம் அறியாமல், வேகம் சாட்டையில் இருப்பதாக நம்பியிருந்தேன்.

சாட்டை பற்றித்தான் எங்கள் ஊரில் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரிட்டனில் 2023 முதல் தடை தாண்டாத சமதளப் பந்தயத்தில் 6 சாட்டையடிக்குமேல் கூடாது; கை தோளுக்குமேல் உயரக் கூடாது; வரம்பை 4 அடியோ அதற்கு மேலோ தாண்டினால் குதிரையே தகுதி இழக்கும். நார்வே 1982லேயே பந்தயத்தில் சாட்டையால் அடிப்பதைத் தடுத்துவிட்டது. குதிரையின் தோல் தடிப்பு, அதற்கு வலிக்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில் குதிரைத் தோலின் மேலடுக்கும் அதிலுள்ள நரம்பு நுனிகளும் மனிதத் தோலினின்று பெரிதாக வேறுபடவில்லை என்று கண்டிருக்கிறார்கள். இவற்றை மருத்துவர் அம்மா ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது, “எண்ணி எண்ணி அடிப்பதற்குப் பெயர் பந்தயமா?” என்று ஒரு பெரியப்பா எழுந்து கேட்டார். அந்தக் கேள்வி நேர்மையானது. அவர் தம் தந்தையாரிடம் கற்ற முறை அது.

1996இல் உச்ச நீதிமன்றம், சென்னைப் பந்தயம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அன்று, திறனைச் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்புச் சொன்னது. அதைப் பெருமையாக எடுத்துக்காட்டாத பந்தயப் பிரியர் கிடையாது. என் கருத்து என்னவென்றால், திறன் என்று சொல்லி உரிமை கேட்பவர்கள் அந்தத் திறனை ஓட்டத்தில் காட்டியாக வேண்டும். குதிரையை நேராக வைப்பதும், மூச்சு மிச்சம் வைத்துக் கடைசியில் விடுவதும், பக்கத்துக் குதிரைக்கு வழி விடுவதும் திறன். களைத்த விலங்கைக் கடைசி நூறு மீட்டரில் வெளுத்து வாங்குவதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டியதில்லை. இன்னொன்றும் சொல்வேன்: விதியை மீறுபவருக்கு அபராதம் மட்டும் போட்டுப் பரிசை அவரிடமே விட்டுவைத்தால், அந்த அபராதம் வெற்றிக்குக் கட்டும் கட்டணம் ஆகிவிடும். ஆகவே நாங்கள் பிரிட்டனைவிடக் கடுமையாக, 6க்கு மேல் ஓர் அடி விழுந்தாலே இடம் பறிபோகும் என்று வைத்தோம். தார்ச்சாலையை விட்டுவிட்டு, அறுவடையான நிலக்கடலைக் காட்டை உழுது சமன் செய்து தடம் அமைத்தோம். நிலத்தைக் கொடுத்த இரண்டு சகோதரர்களுக்கும், விடியுமுன் தண்ணீர் தெளித்த இளைஞர்களுக்கும், தலைக்கவசம் வாங்கித் தந்த வணிகர்களுக்கும், பந்தயம் கட்ட வந்தவர்களைப் பேசித் திருப்பி அனுப்பிய ஊர்ப் பெரியவர்களுக்கும் என் வணக்கம்.

அடிகளை எண்ணும் பொறுப்பை ஏற்ற பள்ளி ஆசிரியர்கள் மூவர், தடத்தில் மூன்று இடங்களில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தார்கள். பெரிய குதிரைகளின் ஓட்டத்தில் முதலில் வந்த குதிரைக்கு ஏழு அடி விழுந்திருந்தது. படத்தை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார்கள், ஏழுதான். கூட்டம் கொந்தளித்தது. அந்தக் குதிரையின் உடைமையாளர் ஆசிரியர்களின் அருகே சென்று கைப்பேசியை வாங்கி, வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு, தாமும் விரல் விட்டு எண்ணினார். பிறகு கழுத்தில் போட்டிருந்த மாலையைக் கழற்றி இரண்டாவதாக வந்தவரின் கழுத்தில் போட்டார். “எண்ணி எண்ணி அடிப்பதா” என்று கேட்ட பெரியப்பாதான் அவர். பெரியப்பா, அந்த நொடியில் நீங்கள் மறுத்திருந்தால் எங்கள் விதிகள் அத்தனையும் அங்கேயே காற்றோடு போயிருக்கும். இந்த மடலில் உங்களுக்குச் சொல்லும் நன்றியே எல்லாவற்றிலும் பெரியது.

என் அக்காள் மகன் வேறொருவருடைய குதிரையை ஓட்டி மூன்றாவதாக வந்தான். இரண்டு முறைதான் சாட்டையைத் தொட்டான். காறையெலும்பு கூடிய அந்தப் பையன் இந்த ஆண்டு ஓட்டவில்லை. கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தான். சிட்டு இனி ஓடாது. முட்டியில் மயிர் முளைக்காத தழும்பு ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. நடையில் குறை ஒன்றும் இல்லை. அன்று அதைத் தடத்தின் ஓரமாக நடத்திக் கொண்டுவந்தபோது, முதல் கூட்டம் பாய்ந்து கடந்ததும் காதை விறைத்துக் கனைத்தது. பெரியவர் அதன் பிடரியில் கையை வைத்துக்கொண்டு ஓட்டம் முடியும்வரை அங்கேயே நின்றிருந்தார்.

மருத்துவர் அம்மா, அன்றிரவு நீங்கள் கற்களைப் போட்ட எவர்சில்வர் கிண்ணமும், மருந்து வைத்திருந்த குளிர்பெட்டியும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் மகளும் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
சிட்டுவை வளர்ப்பவன்,
கொழிஞ்சாம்பாறை.