காவிக்கட்டியில் ஒரு கட்டைவிரல்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைக்குப் பின் நீங்கள் மீண்டும் தூரிகையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம்.

மைக்கேலாஞ்சலோவின் மனத்தில் ஓவியம் முழுமையாக உருவான பிறகே கை அசைந்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள ஒரு தாளின் படத்தை மகன் கணினியில் பெரிதாக்கிக் காட்டியதிலிருந்து, அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் (உட்கூரையில்) இடம்பெற்ற லிபியத் தீர்க்கதரிசினி என்ற குறிசொல்லும் பெண்ணின் உருவத்துக்காக, 1510-11 வாக்கில் அவர் செங்காவிக் கட்டியால் வரைந்து பார்த்த தாள் அது. உயரம் ஏறத்தாழ 29 செ.மீ. மட்டுமே. விதானத்தில் இருப்பவள் பெண். தாளில் இருப்பவனோ ஆடையின்றி முதுகு காட்டித் திரும்பும் இளைஞன். முதுகின் தசை மேடுகளை அத்தனை நுணுக்கமாகத் தீட்டியவர், முகத்தை மறுபடி தனியே வரைகிறார். கையைத் தனியே வரைகிறார். பிறகு தரையில் அழுந்தும் இடக்காலின் கட்டைவிரலுக்கு வந்து, அதைத் திரும்பத் திரும்ப வரைகிறார். பெரிய ஏட்டை ஏந்தியபடி உடல் முறுகும்போது பாரம் அந்த விரலில்தான் இறங்குகிறது. அங்கே பிசகினால் உருவமே நிலைகொள்ளாது. விடை முன்பே தெரிந்தவர் ஒரு விரலை இத்தனை முறை விசாரிப்பாரா?

விதான ஓவியமோ, சுண்ணப்பூச்சின் ஈரம் காய்வதற்குள் வண்ணம் ஏற்றியாக வேண்டிய வேலை. சாரத்தின் மேல் நின்று தயங்க நேரமில்லை; தயக்கம் அனைத்தையும் தாளிலேயே தீர்த்துக்கொண்டிருக்கிறார். ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்திலுள்ள இன்னொரு தாளில் இந்தத் தீர்க்கதரிசினியின் வலக்கையும், போப் இரண்டாம் ஜூலியஸின் கல்லறைக்கான அடிமை உருவங்களும் ஒன்றாகவே கிடக்கின்றன. தாளைச் சேமித்தாரா, ஒரு வேலைக்குள் இன்னொரு வேலை புகுந்துகொண்டதா, யார் கண்டார்!

1564இல் இறப்பதற்குச் சற்று முன் அவர் தம் கோட்டோவியங்கள் பலவற்றை எரித்துவிட்டார் என்றும், தாம் பட்ட பாட்டைப் பிறர் அறியக்கூடாது என்பதே காரணம் என்றும் அவர் வாழ்க்கையை எழுதிய வசாரி கூறுகிறார். உங்களைப் போன்றோரை நம்பவைப்பதில் மைக்கேலாஞ்சலோ வென்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அச்சுப்படி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். முகத்தை விட்டுவிட்டுப் பாதத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். மறுப்பு இருந்தால் விரிவாக எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்