அப்பீல் போட்டாலே தடையாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நில வழக்கு ஒன்றைப் பற்றிய நேற்றைய செய்தியில், "மேல்முறையீடு நிலுவையில் இருப்பதால் நிலத்தை இப்போது ஒப்படைக்க முடியாது" என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். தடையுத்தரவு இருந்ததா என்று ஒரு வார்த்தை இல்லை. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 தாங்கள் அறியாததல்ல. அப்பீல் தாக்கல் செய்ததாலேயே டிக்ரி, அதாவது தீர்ப்பின்படி கோர்ட் போட்ட ஆணை, நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் தனியாக மனுப் போட்டு, பெரும் நஷ்டம் வரும் என்று காட்டி, பிணையும் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

ஜெயித்த வழக்கில் என் அப்பா தோற்றது இந்த ஒரு வரியால்தான். முன்சீப் கோர்ட் டிக்ரியை அமல்படுத்தச் சொல்லி நிறைவேற்று மனுப் போட்டு, கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா எல்லைக்கல் வரை வந்துவிட்டார். எதிராளி சட்டைப்பையிலிருந்து அப்பீல் நம்பர் எழுதிய துண்டுச்சீட்டை நீட்டினார். "ஸ்டே ஆர்டர் எங்கே?" என்றார் அப்பா. "அப்பீல் இருக்குல்ல பெரியவரே, எதுக்கு வம்பு" என்று அமீனா திரும்பிப் போய்விட்டார். தீர்ப்பு நகலை மடியில் வைத்துக்கொண்டு அப்பா இருட்டும்வரை வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு வாய்தா மேல் வாய்தா. கேஸ் கட்டு வரவில்லை, வக்கீல் வரவில்லை, நீதிபதிக்கு மாறுதல். அப்பா இறந்ததும், வாரிசுகளான எங்களைச் சேர்க்க அப்பீல் போட்டவருக்கு 90 நாள் கெடு. அதையும் தவறவிட்டு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனு. அத்தனை காலமும் நிலத்தில் விளைந்ததை அறுத்தது அவர்தான். அப்பீல் தள்ளுபடியானதும் உயர்நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அது செல்லும் என்கிறது அதே சட்டத்தின் 100ஆம் பிரிவு. எங்கள் வழக்கில் அப்படி என்ன பிரச்சினை என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நிறைவேற்று மனுக்களை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்சநீதிமன்றம் சொன்னது. எங்களுடையது இன்னும் கிடக்கிறது.

பட்டா இருந்தாலே நிலம் சொந்தம் என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே, உரிமைக்கு மூலப்பத்திரம் வேண்டும் என்று அப்போதே கடிதம் எழுதினேன். நீங்கள் வெளியிடவில்லை. இந்தச் செய்தியிலும் 'பங்காளித் தகராறு' என்று போட்டிருக்கிறீர்கள். கோர்ட் தீர்ப்புக்குப் பிறகும் ஒருவன் நிலத்தை விடமாட்டேன் என்றால் அதற்குப் பெயர் தகராறா ஐயா?

அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். தடையுத்தரவு இல்லாத அப்பீல் தடையாகாது என்று, அவ்வளவுதான். அமீனாக்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்