அந்தச் சிலந்தியின் படம் தவறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ‘ஆஸ்திரேலிய வீடுகளில் உலவும் கொலைகாரச் சிலந்தி’ என்ற தலைப்பில் ஒரு துணுக்கும், அதன் மேல் கால் பக்கத்துக்கு ஒரு படமும் வந்திருந்தன. படத்தில் இருப்பது ஹன்ட்ஸ்மேன் என்ற சிலந்தி. துணுக்கில் எழுதியிருக்கும் நஞ்சோ சிட்னி ஃபனல்-வெப் என்ற வேறொரு சிலந்தியுடையது. இதைச் சின்னப் பிழை என்று என்னால் விட முடியவில்லை. உங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் மகளின் பிரசவத்துக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் இங்கே ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பகல் முழுவதும் குழந்தையோடு வீட்டில் தனியாக இருக்கிறவர்கள். அன்று மாலையே மயிலாடுதுறையிலிருந்து என் நாத்தனார் அழைத்துவிட்டாள். “அண்ணி, கார்த்திகையில் வருவதற்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அங்கே பிள்ளையைத் தரையில் விடலாமா, கூடாதா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் சிட்னியின் வடக்கே ஹார்ன்ஸ்பியில் குடியிருக்கிறேன். எங்கள் பின்வேலியைத் தாண்டினால் காடு. கோடை தொடங்கி, புழுக்கமும் மழையுமாக இருக்கும் நாட்களில் ஹன்ட்ஸ்மேன் வீட்டுக்குள் வராமல் இருந்தால்தான் அதிசயம். கால்களையும் சேர்த்து அளந்தால் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். மரப்பட்டை இடுக்கில் வாழ்வதற்கு ஏற்ற தட்டையான உடம்பு என்பதால், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளியே அதற்குப் போதும். கால்கள் நண்டுக்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் விரிந்திருக்கும், ஓடுவதும் பக்கவாட்டில்தான். இரை பிடிக்க வலை பின்னாது, காத்திருந்து பாயும். எங்கள் சமையலறையில், அடுப்புக்கு மேலே, ஒன்று கரப்பான் பூச்சியைப் பிடித்துத் தின்றதை நின்று பார்த்திருக்கிறேன். கவ்வியபடியே வெகுநேரம் அசையாமல் இருந்தது. கரப்பான் மெல்ல மெல்லச் சுருங்கியது. கடைசியில் இறக்கையும் கால்களும் கசங்கிய ஒரு சிறு உருண்டை மட்டும் மேடையில் வந்து விழுந்தது. அதன் பிறகு அந்தச் சிலந்தியை விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

நம்மவர்களுக்கு இது புதிய உறவும் அல்ல. தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடுகளில் வெள்ளை வட்டமான முட்டைப் பையை வயிற்றுக்கடியில் இடுக்கிக்கொண்டு சுவரோரம் ஓடுமே, பெரிய எட்டுக்கால் பூச்சி, அதுவும் இதே குடும்பம்தான். அதோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவர்கள் நாம்.

ஹன்ட்ஸ்மேன் கடித்தால் வலிக்கும், சற்று வீங்கும், பிறகு தணிந்துவிடும். அதுவும் கையால் நசுக்கப் போனாலோ, முட்டையைக் காத்துக்கொண்டிருக்கும் தாயைச் சீண்டினாலோதான். மேல்மூடி கொண்ட பிளாஸ்டிக் டப்பாவை அதன் மேல் கவிழ்த்து, சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவே ஒரு காலண்டர் அட்டையை மெதுவாகச் செருகி, அப்படியே எடுத்துப்போய்த் தோட்டத்து மரத்தில் விட்டுவிடலாம். இங்கே பலர் செய்வது என்ன? ஸ்பிரே டப்பாவை எடுத்துச் சுவர், தரை, திரைச்சீலை எல்லாவற்றின் மேலும் அடித்துத் தீர்க்கிறார்கள். அந்தத் தரையில்தான் தவழும் குழந்தை கையை ஊன்றி, அந்தக் கையை வாயில் வைக்கிறது. சிலந்தியைவிட அந்த மருந்துதான் எனக்குப் பயம் தருகிறது.

காரில் மட்டும் எச்சரிக்கை தேவை. தலைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பின் பின்னால் ஒளிந்திருந்து, அதை இறக்கும்போது மடியில் விழும். அங்கே ஆபத்து கடியில் இல்லை, ஓட்டுகிறவரின் பதற்றத்தில் இருக்கிறது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு இறங்குங்கள் என்று கார் ஓட்டும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

ஃபனல்-வெப்புக்குப் பயப்படத்தான் வேண்டும். ஆனால் அது எங்கே இருக்கும் என்று தெரிந்துகொண்டு பயப்பட வேண்டும். வடக்கே நியூகாசில் முதல் தெற்கே இல்லவாரா வரை, சிட்னியைச் சுற்றித்தான் அதன் இருப்பிடம். காலை விரித்து நிற்கும் ஹன்ட்ஸ்மேனுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறியதாகத் தெரியும். தலைப்பக்கம் மயிரில்லாமல் பளபளக்கும் கறுப்பு. ஈரமும் நிழலும் உள்ள இடத்தில், பாறை இடுக்கிலோ மரக்கட்டைக்கடியிலோ வளை அமைத்து, உள்ளே வெள்ளை இழையால் குழாய் நெய்துகொள்ளும். வளை வாயிலிருந்து மெல்லிய இழைகள் தரையில் நாலா பக்கமும் ஓடும். பூச்சி அதில் கால் வைத்ததும் உள்ளே இருக்கும் சிலந்திக்குத் தெரிந்துவிடும். பெண் பெரும்பாலும் வளையை விட்டு வெளியே வராது. அலைவது ஆண், நஞ்சின் வீரியமும் ஆணுக்கே அதிகம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, முக்கியமாக மழை பெய்த இரவுகளில், துணை தேடிப் புறப்படும். விடிவதற்குள் ஏதாவது ஒரு மறைவில் ஒதுங்கும். வாசலில் கழற்றிப் போட்ட ஷூ, குளியலறைத் தரையில் கிடக்கும் ஈரத் துண்டு, கொடியிலிருந்து புல்லில் விழுந்த துணி, எல்லாமே அதற்கு மறைவுதான். வழவழப்பான சுவரில் ஏற அதனால் முடியாது. கூரையோரம் இருக்கும் ஹன்ட்ஸ்மேனைப் பார்த்து அலறுகிறவர், காலடியில் கிடக்கும் ஷூவை உதறாமல் மாட்டிக்கொள்கிறார். நீங்கள் வெளியிட்ட படம் அந்தத் தவறான பயத்தைத்தான் வளர்க்கிறது.

நீச்சல் குளம் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று: குளத்தின் அடியில் ஃபனல்-வெப் அசையாமல் கிடந்தாலும் செத்துவிட்டது என்று கையால் எடுக்கக் கூடாது. தண்ணீருக்குள் பல மணி நேரம் அது உயிரோடு இருக்கும். கறிவேப்பிலைத் தொட்டிக்கு மண் கிளறும் நம் பெண்களும் தயவுசெய்து கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபனல்-வெப் கடித்துவிட்டால் என்ன செய்வது? உங்கள் துணுக்கில் இல்லாமல் போன முக்கியமான செய்தி இதுதான். மெல்போர்னில் காமன்வெல்த் சீரம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஸ்ட்ருவன் சதர்லண்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் உருவாக்கிய நச்சுமுறி மருந்து 1981இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் 13 மரணங்கள் பதிவாகியிருந்தன. அதற்குப் பிறகு ஒரு மரணம்கூடப் பதிவாகவில்லை. சிட்னிக்கு வடக்கே சோமர்ஸ்பியில் உள்ள ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்காவில், பொதுமக்கள் பிடித்துக் கொடுக்கும் ஆண் சிலந்திகளிடமிருந்து நஞ்சை எடுக்கிறார்கள். அதை முயல்களுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து மருந்து தயாராகிறது.

மருத்துவமனை போய்ச் சேரும்வரை செய்ய வேண்டிய முதலுதவியையும் வகுத்துத் தந்தவர் அதே சதர்லண்ட்தான். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜால் கடித்த இடத்தை அழுத்திச் சுற்ற வேண்டும். பிறகு விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் சுற்ற வேண்டும். அசையாதபடி கட்டையோ குச்சியோ வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் இருந்த இடத்திலேயே இருக்கச் செய்து, 000 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். நம் கிராமங்களில் பாம்புக்கடிக்குச் செய்வதுபோல் மேலே கயிற்றால் இறுகக் கட்டுவதோ, பிளேடால் கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடவே கூடாது. வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, நாக்குத் துடிப்பு, கொட்டும் வியர்வை, பெருகும் எச்சில் எல்லாம் நிமிடங்களில் தொடங்கிவிடலாம். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆங்கிலம் வராதவர் முதலில் ‘ஆம்புலன்ஸ்’ என்றும், அடுத்து ‘தமிழ்’ என்றும் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் இந்த இரண்டு சொற்களையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

முதுகில் சிவப்புக் கோடுள்ள ரெட்பேக் சிலந்தி தோட்டத்து நாற்காலிக்கடியிலும் தபால் பெட்டியிலும் இருக்கும். அதன் கடிக்கு மேலே சொன்ன கட்டுப் போடக் கூடாது, வலி கூடும். ஐஸ் ஒத்தடம் கொடுத்து, 13 11 26 என்ற நச்சுத் தகவல் மைய எண்ணை அழைத்து அவர்கள் சொல்வதுபோல் செய்ய வேண்டும். உடம்பின் பின்நுனியில் வெள்ளைப் புள்ளியுள்ள ‘வைட்-டெய்ல்’ சிலந்தி கடித்தால் சதை அழுகிவிடும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றும் படங்களையும் நம்ப வேண்டாம். அதனிடம் கடிபட்ட 130 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான மருத்துவ ஆய்வில் ஒருவருக்குக்கூடச் சதை அழுகவில்லை. புல்லில் இருந்து தொற்றும் உண்ணியைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அது சிலந்திகளைவிட எனக்குக் கவலை தரும் விஷயம்.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இரண்டு. ஒன்று, படம் தவறு என்று ஞாயிறு இணைப்பிதழிலேயே, அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுங்கள். இரண்டு, ஹன்ட்ஸ்மேன், ஃபனல்-வெப், ரெட்பேக் மூன்றின் படங்களையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்குரிய முதலுதவியைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். கத்தரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவார்கள். நவம்பருக்கு முன் வந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹார்ன்ஸ்பி, சிட்னி