ஸ்பார்க் பிளக் மாற்ற கராஜ் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எதற்கும் கராஜுக்குத்தான் போக வேண்டும் என்று உங்கள் வாகனப் பக்கத்தில் வாசித்தேன். எனக்கு உடன்பாடில்லை. என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர். பனிக்காலம் முழுக்கப் போர்வைக்குள் தூங்கி ஏப்ரலில்தான் வெளியே வரும். இம்முறை அதன் எரிபொருளைப் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் வீட்டு வாசலில் நானே மாற்றினேன். முக்கால் மணிநேரம் பிடித்தது, அதில் பாதி தேநீருக்கு.

இந்த இன்ஜினில் பிளக்குகள் மேலேயே இருக்கின்றன. ஆனால் இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்குகள் திருகப்படும் இன்ஜினின் மேல்பகுதி (சிலிண்டர் ஹெட்) அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போய்விடும். பிளக்கில் செருகியிருக்கும் வயரை இழுக்காமல் அதன் ரப்பர் மூடியைப் பிடித்துக் கழற்ற வேண்டும், ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. முன்பொருமுறை அவசரத்தில் வயர்களை இடம் மாற்றிச் செருகி, கார் இருமிக்கொண்டே ஓடியது. பிளக் இருக்கும் குழிக்குள் கிடக்கும் மண்ணை முதலில் ஊதிவிடுங்கள். பிளக் முனையில் தீப்பொறி தாவும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். புதிய பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகிக் கையால் திருகினேன். மரை கோணினால் குழாய் வழுக்கிவிடும், சேதமில்லை. கடைசியில் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து திருகும் கருவி) 20 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினேன். அவ்வளவுதான்.

சரி, எல்லாக் காரும் இப்படியல்ல. மைத்துனரிடம் போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது. ஆறு பிளக்குகள், சக்கரத்தைக் கழற்றி அடியில் புகுந்தால்தான் கை எட்டும். அவர் கராஜுக்கே போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஸ்காபரோ