"போன தடவையும் ஒன்றும் ஆகவில்லை": இஸ்ரோ தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முனைவர் வி. நாராயணன் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே 18 அன்று காலை ஆறு மணிக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த பல லட்சம் பேரில் நானும் ஒருவன். பி.எஸ்.எல்.வி. சி-61 ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு நிலைகளும் ஒழுங்காக வேலை செய்தன. மூன்றாம் நிலையில் மோட்டார் உறைக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது, திட்டத்தை நிறைவேற்ற முடியவில்லை என்று நீங்களே வந்து சொன்னீர்கள். மழுப்பவில்லை. அந்த நேர்மை மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. தோல்வியை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை பொதுவெளிக்கு வராமலே 2026 ஜனவரி 12 அன்று சி-62 ஏவப்பட்டது. மறுபடியும் மூன்றாம் நிலை. அது எரிந்து முடியும் தறுவாயில் ராக்கெட் நிலைகுலைந்து பாதை மாறியது. கூடவே 16 செயற்கைக்கோள்களும் போயின. அவற்றில் சிலவற்றைச் செய்தவர்கள் கல்லூரி மாணவர்களும் சிறு நிறுவனங்களும்தான். இரண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றா, வேறா என்று அவர்களுக்காவது யாராவது சொல்ல வேண்டாமா?

நான் ராக்கெட் பொறியாளன் இல்லை. அழுத்தக் கலன்கள் செய்யும் ஒரு பட்டறையில் 22 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன். ஒரு மாதக் கடைசியில், ஒரு தொட்டியின் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்த பிலிமில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. 'ரிஜெக்ட்' என்று எழுதினேன். "லாரி வாசல்ல நிக்குது. போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகலையே" என்றார் மேலாளர். எழுதியதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர்களின் இடத்தில், தண்ணீர் ஏற்றிச் சோதிக்கும்போதே அந்தத் தையல் பிளந்தது. உள்ளே தண்ணீருக்குப் பதில் வாயு இருந்திருந்தால், பக்கத்தில் நின்ற நான்கு பேர் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். அன்றிலிருந்து 'போன தடவையும்' என்று யார் பேச்சை ஆரம்பித்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சாலஞ்சர் விண்ணோடத்தின் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அதில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1986 ஜனவரி 27 இரவு. விண்ணோடத்தை மேலே உந்தும் பக்கவாட்டு ராக்கெட்டுகளை, அதாவது பூஸ்டர்களைச் செய்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ஏறத்தாழ 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று தொலைபேசியில் நாசாவிடம் வாதாடினார்கள். பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் 'ஓ' வளையத்தின் ரப்பர் குளிரில் விறைத்துவிடும், இடைவெளியை நேரத்துக்கு அடைக்காது என்பது அவர்கள் பயம். முந்தைய பயணங்களிலேயே அந்த வளையங்கள் அரிக்கப்பட்டுத் திரும்பியிருந்தன. ஆனால் ஓடம் பத்திரமாக வந்துவிட்டதே, அதனால் அரிப்பு பழகிப்போனது. "பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்" என்று அந்த நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் தன் சகாவிடம் சொன்னதும் அன்றிரவுதான். கேப் கெனவரலில் நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்ட், ஏவலாம் என்ற தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டு அனுப்பினார். மறுநாள் காலை வெப்பநிலை 2 டிகிரி. கிளம்பிய 73 விநாடிகளில் ஓடம் சிதறியது, ஏழு உயிர்கள் போயின.

உண்மையை விசாரணைக் குழுவிடம் சொன்னதற்காக மெக்டொனால்டைப் பதவியிறக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகு, அதே பூஸ்டரைத் திருத்தி வடிவமைக்கும் பொறுப்பு அவரிடமே வந்தது. 1988 செப்டம்பரில் விண்ணோடம் மறுபடி பறந்தது அவர் குழு செய்த இணைப்புகளோடுதான். அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். அந்த விசாரணையின்போது, குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஐஸ் தண்ணீர் டம்ளரில் ரப்பர்த் துண்டை முக்கிக் காட்டியதை உலகமே பார்த்தது. விபத்துக்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று நாசா நிர்வாகம் நம்பியதையும், பொறியாளர்களோ நூற்றில் ஒன்று என்று சொன்னதையும் அவர் எழுதிவைத்தார். அந்த அறிக்கை அச்சில் வந்ததால்தான் அதிகம் படிக்காத என் போன்றவனுக்கும் இதெல்லாம் தெரிகிறது.

இவ்வளவு தெரிந்தும் 2003இல் கொலம்பியா விண்ணோடமும் வீரர்களோடு அழிந்தது. எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற, முக்கால் கிலோ எடையுள்ள நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. நுரை விழுவது வழக்கம்தானே, போன தடவையும் விழுந்ததே! இறக்கையைப் படம்பிடித்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலிடம் தட்டிக்கழித்தது. அதில் வந்த கல்பனா சாவ்லாவின் பெயரை நம் செயற்கைக்கோளுக்குச் சூட்டினோம். நல்ல அஞ்சலிதான். ஆனால் அந்தப் பயணத்தில் கேட்கப்படாத குரல்களையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதல் ஏவல். தோல்விக்குப் பிறகு அப்போதைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமை முன்னால் நிறுத்தாமல் தானே செய்தியாளர்களைச் சந்தித்தார், அடுத்த ஆண்டு வெற்றி வந்ததும் கலாமை அனுப்பிவைத்தார் என்று பள்ளிக்கூடம்தோறும் சொல்கிறோம். கதையின் முதல் பாதியை யாரும் சொல்வதில்லை. கடைசி நிமிடங்களில் கணினி ஏவலை நிறுத்தியது. நிபுணர்களின் பேச்சை நம்பி அதை மீறி ஏவச் சொன்னது தாம்தான் என்று கலாமே மேடைகளில் சொன்னார். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டுப் பகுதியில் கசிவு. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பழியை ஏற்ற பெருந்தன்மையைக் கொண்டாடும் நாம், எச்சரிக்கை எப்படி மீறப்பட்டது என்பதை அவர் அளவுக்கு வெளிப்படையாகப் பேசுவதில்லை.

இஸ்ரோவுக்கு நிறுத்தத் தெரியாது என்று சொல்ல வரவில்லை. 2019இல் சந்திரயான்-2ஐ 56 நிமிடங்கள் மிச்சமிருக்கும்போது நிறுத்தினீர்கள். 2023 அக்டோபரில், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் தப்பிக்கும் கலனைச் சோதித்த நாளில், ஐந்து விநாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே ஏவினீர்கள். சுபான்ஷு சுக்லா சென்ற ஃபால்கன்-9இல் ஆக்சிஜன் கசிவு தெரிந்தபோது, சரிசெய்யாமல் கிளம்பக்கூடாது என்று உங்கள் குழு பிடிவாதமாக நின்றதை நீங்களே சொன்னீர்கள். அடுத்தவர் ராக்கெட்டிடம் காட்டிய அந்தக் கறார் நம் ராக்கெட்டிடமும் வேண்டும்.

அறிக்கையை வெளியிடுவதும் உங்களுக்குப் புதிதில்லை. 2021இல் ஜி.எஸ்.எல்.வி. எஃப்-10 தோற்றபோது, ஹைட்ரஜன் தொட்டியின் வால்வு கசிந்ததால் அழுத்தம் போதவில்லை என்று நாட்டுக்குச் சொன்னீர்கள். இஸ்ரோவின் பெயர் அதனால் கெடவில்லை. திட எரிபொருள் மோட்டாருக்கும் ஏவுகணைக்கும் உறவு உண்டு என்பது எனக்கும் தெரியும். எரிபொருள் கலவையை மூடி வையுங்கள். செயற்கைக்கோள் எதைப் பார்க்கப் போகிறது என்பதையும் மூடி வையுங்கள். ஆனால் குறை எந்தச் சோதனையில் பிடிபடாமல் நழுவியது, முன்பே யாராவது எச்சரித்தார்களா, எச்சரித்திருந்தால் அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பதெல்லாம் ரகசியம் ஆகாது.

ககன்யானில் நம் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள். அதற்கு முன் சி-61, சி-62 இரண்டின் ஆய்வறிக்கைகளையும் வெளியிடுங்கள். மகேந்திரகிரியில் எஞ்சினைச் சோதிக்கும் இளம் டெக்னீஷியன் ஒருவர் சந்தேகப்பட்டால், தன் மேலாளரைத் தாண்டி எழுத ஒரு வழி வையுங்கள். அதைப் படிப்பவர் ஏவும் தேதிக்குப் பொறுப்பில்லாதவராக இருக்கட்டும். எழுதியவரின் பதவி உயர்வில் யாரும் கை வைக்கக்கூடாது. கடைசிக் கூட்டத்தில், "ஏவலாம்" என்று கையெழுத்துப் போட மறுப்பவர் தன் காரணத்தை எழுத அதே தாளில் இடம் விடுங்கள். அந்தத் தாள் ஏவுவதற்கு முன்பே வீரர்களின் கைக்குப் போகட்டும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
ஓய்வுபெற்ற தரக்கட்டுப்பாட்டு ஊழியன் ஒருவன்