கிறிஸ்துமஸுக்கு முந்தைய 7 மாலைகள்

ஆசிரியருக்கு வணக்கம்,

டிசம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடுகிறது. சரி, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு வாரம் ஆயத்தமாகும் திருவருகைக் காலத்துக்கென்றே உள்ள பாடல்களை நாம் மறந்துகொண்டே வருகிறோம்.

டிசம்பர் 17 முதல் 23 வரை, திருச்சபையின் மாலை வழிபாடான மாலைப் புகழில் மரியாவின் பாடலுக்கு முன்னும் பின்னும் முன்மொழி என்னும் சிறு பாடலை நாளுக்கு ஒன்றாகப் பாடுவார்கள். ஒவ்வொன்றும் இயேசுவை ஒரு பெயர் சொல்லி அழைக்கும்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஏழும் ஒரே மெட்டு. ஒவ்வொன்றிலும் "வாரும்" என்ற கெஞ்சல் இருக்கும். லத்தீனில் இந்த ஏழு பெயர்களின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து படித்தால் 'ஏரோ க்ராஸ்' என்று வரும், "நாளை வந்திருப்பேன்" என்று பொருள். இதை முதலில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

என் அம்மா படுக்கையில் இருந்த கடைசி டிசம்பரில் தினமும் மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து இவற்றைப் பாடினேன். 20-ஆம் தேதிக்குரியது, இருளிலும் மரண நிழலிலும் இருப்போரை விடுவிக்க வாரும் என்று வேண்டுகிறது. அன்று மட்டும் அம்மாவும் கூடவே முணுமுணுத்தார். அதற்கப்புறம் ஓர் ஆண்டுகூட நான் இதை விட்டதில்லை.

பாடகர் குழுக்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். கரோல் ஒத்திகைக்கு நடுவே, அன்றன்றைக்குரிய முன்மொழியை ஒருமுறை பாடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. பிள்ளைகளுக்கு ஏழு பெயர்களின் பொருளையும் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பாடகர் குழுவில் பாடும் ஒரு வாசகி